வாக்ஸ் பூசிய படகும் என் முழங்காலும்

விசுவாசக் குடும்பத்தாரே, முதலில் இதைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். காவிரி நடுவில் ஒரு பாறை. பாறை மேல் ஓட்டைப் படகோடு இரண்டு மடையர்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அவர்களில் ஒருவனுக்கு நீச்சல் தெரியாது. இன்னொருவன் நான்.

சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்கள் ஆளாளுக்கு வெளிச்சம் கண்டதாகச் சொல்கிறார்கள், குரல் கேட்டதாகச் சொல்கிறார்கள். நான் கண்ட வெளிச்சம் மண்டையைப் பிளந்த வெயில். கேட்ட குரல் முனிராஜின் புலம்பல். ஜோடனை வேண்டும் என்பவர்கள் இப்போதே வெளியே போய் காபி குடிக்கலாம்.

முனிராஜ் என் சிநேகிதன், ஓசூர் ஃபேக்டரியில் கூட வேலை பார்த்தவன். எண்பதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஃபைபர் பிரிவில் இருந்தோம். மோல்டுக்குள் கண்ணாடி நார் விரித்து, ரெசின் பூசி, காய்ந்ததும் உரித்தெடுப்பது எங்கள் வேலை. உரிக்கும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மோல்டுக்கு முதலில் வாக்ஸ் போடுவோம். வந்து சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் வெள்ளைக்காரன் துடுப்புப் போடும் படத்தைப் பார்த்துவிட்டு, இருவர் உட்காரும் கயாக் படகு ஒன்றைச் செய்தான் முனிராஜ். நீச்சல் தெரியாதவன் படகு செய்கிறான்! ஆயுத பூஜையன்று மெஷின்களோடு அதையும் நிறுத்தி, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டான். அதற்கு முன்பு அடிப்பக்கம் முழுக்க மோல்டு வாக்ஸைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி ஆக்கியிருந்தான்.

"பாத்துக்கோடா சாமு, தண்ணியில சும்மா வழுக்கிக்கினு போவும்."

பார்த்தேன். நானும் தலையை ஆட்டினேன். இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே அளவு மூளைதான்.

பூஜை லீவில் மூன்று நாள் பயணம் என்று திட்டம். அஞ்செட்டி தாண்டிக் காட்டு வழியாக லாரியில் போய் ஆற்றில் இறங்கினோம். ஒகேனக்கலுக்கு மேலேயே கரையேறிவிட வேண்டும். முதல் நாள் அவன் வெள்ளைக்காரன் மாதிரியே தொப்பி வைத்துக்கொண்டு வந்தான். மறுநாள் மத்தியானம் ஒரு பாறை படகின் மூக்கைக் கிழித்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. எப்படியோ தள்ளிக்கொண்டு நடு ஆற்றுப் பாறையில் ஏறினோம்.

"பயப்படாதடா, ரெசினு இருக்குது," என்றான் முனிராஜ், பெரிய இன்ஜினியர் மாதிரி.

படகின் மூக்கு மேலே மூடியிருக்கும், உள்பக்கம் கை எட்டாது. வெளியில் ஒட்டுப் போட்டோம். காய்ந்தது. படகைத் தூக்கியதும் அப்பளம் மாதிரி முழுசாகக் கழன்று அவன் கையில் வந்தது. மறுபடி போட்டோம். மறுபடி கழன்றது. அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. எதுவும் ஒட்டக் கூடாது என்று நாங்களே வாக்ஸ் போட்டு வைத்திருக்கிறோம்! துணியால் துடைத்தால் இன்னும் பளபளத்தது. சுரண்ட உப்புத்தாள் ஒரு துண்டு கிடையாது. ரெசின் இன்னும் ஒரு தடவைக்குத்தான் வரும்.

அந்த நேரம் அக்கரையில் மாடு மேய்த்த ஒருவர் கையை ஆட்டிக் கன்னடத்தில் கத்தினார். "நீரு பத்தைத்தே! மேலக்கெ ஹோக்ரோ!"

தண்ணீர் வருகிறதாம், மேலே போக வேண்டுமாம். மேலே எங்கே போவது, வானத்துக்கா? அவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பாறையின் ஓரம் செந்தண்ணீரில் மறைய ஆரம்பித்தது.

எனக்குக் கிணற்று நீச்சல் தெரியும். தனியாக என்றால் ஒருவேளை கரை சேர்ந்திருப்பேன். முனிராஜும் அதைத்தான் சொன்னான்.

"நீ போயிருடா சாமு. எங்கம்மாகிட்ட மட்டும் பக்குவமா சொல்லு."

"வாய மூடுடா, பெரிய தியாகி!" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்ப உங்க சாமியையாவது கேளேன்டா. வாராவாரம் பேன்ட்டுக்கு இஸ்திரி போட்டுக்கினு போறியே, சும்மாவா?"

சொன்னதில் தப்பே இல்லை. ஆலயத்தில் நான் முழங்காலிட்டதே கிடையாது, மடிப்புக் கலைந்துவிடும் என்று. அன்று அரை டிராயரோடு அந்தப் பாறையில் தொப்பென்று விழுந்தேன். வேத வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, இந்த மூடன் சாகக் கூடாது. ஏதாவது செய்யும்," என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி அழுதேன்.

எழுந்தபோது இரண்டு முழங்காலும் எரிந்தன. குனிந்து பார்த்தேன். தோல் சுத்தமாக உரிந்து ரத்தம் கசிந்தது. தண்ணீர் மட்டம் வராத மேல்பக்கம் அந்தப் பாறை அத்தனை சொரசொரப்பு. ஆண்டவரைக் கேட்டுவிட்டு உப்புத்தாள் மேலேயே நான் முழங்காலிட்டிருந்தேன்.

"தூக்குடா படகை!"

கவிழ்த்து, மூக்கைப் பாறையில் வைத்து இருவரும் தேய்த்தோம். பளபளப்பு போய் வெள்ளையாகச் சொரசொரக்கும் வரை தேய்த்தோம். கடைசி ரெசினைப் பூசினோம். வெயில் அதைக் காய வைத்தது, எங்கள் கணுக்கால் நனைவதற்குள். இழுத்துப் பார்த்தேன். ஒட்டு அசையவில்லை. முனிராஜ் என்னைக் கட்டிக்கொண்டு தேம்பினான். படகில் ஏறியதும் வெள்ளம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்க் கரையோர மணல் திட்டு ஒன்றில் போட்டது. அங்கிருந்து காட்டு வழியே நடந்தோம். தொப்பி ஆற்றோடு போய்விட்டது, நல்லதுதான்.

முனிராஜ் இன்றும் அவன் கோயிலுக்குத்தான் போகிறான். ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பொரி கடலையோடு புது உப்புத்தாள் ஒன்றை என் வீட்டுக்குக் கொண்டுவருவான். "இந்தாடா, உங்க சாமி பிரசாதம்," என்பான். வாங்கி வைத்துக்கொண்டு கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்வேன்.

அன்றிலிருந்து வெறும் தரையில்தான் ஜெபிக்கிறேன். பேன்ட் மடிப்பு போனால் போகட்டும். சந்தேகப்படுகிறவர்கள் வரலாம், முழங்கால் தழும்பைக் காட்டுகிறேன். உங்களுக்கும் வெள்ளம் ஏறுகிறதா? கேளுங்கள், அவர் கேட்பார். ஆனால் முன்வரிசைப் பெரியவர்களே, கீழே துண்டை மடித்துப் போட்டு முழங்காலிடுகிறீர்களே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள். அன்று என் முழங்காலுக்குக் கீழே துண்டு கிடந்திருந்தால், முனிராஜ் இல்லை.