டீச்சருக்கு லட்டு

ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து நாங்கள் ஜீவனஹள்ளிக்குக் குடிவந்த மறுவருடம் நான் 'பெரியவன்' ஆனேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

ஊர்ப் பள்ளியில் தமிழ் எழுத்து எனக்கு நிற்கவில்லை. மேல் வரியில் 'பால்' என்று படித்த சொல் கீழ் வரியில் முன்பின் பார்க்காத ஆளாக நிற்கும். இங்கே கன்னடப் பள்ளியிலும் அதே கதைதான். பேச்சுக் கன்னடம் தெருவிலேயே வந்துவிட்டது. எழுத்து மட்டும் வரவில்லை. தமிழ்ப் பையன், அதனால்தான் என்றார்கள். கூடப் படித்தவர்கள் அப்படிச் சுற்றி வளைக்கவில்லை. நேராகத் 'தட்டா' என்று கூப்பிட்டார்கள். கன்னடத்தில் மக்கு என்று அர்த்தம்.

ஒருநாள் டீச்சர் அம்மாவை வரச் சொன்னார். நான் வெளியே நின்றேன். உள்ளே போன அம்மா முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தாள்.

"உன்ன தொட்டான்னு சொல்லிட்டாங்கடா! இனிமே ஸ்கூலே வேணாமாம்!"

தொட்டா என்றால் பெரிய. அம்மாவுக்குத் தெரிந்த ஐந்தாறு கன்னடச் சொற்களில், வேண்டாம் என்கிற 'பேடா' போல, அதுவும் ஒன்று. பஸ் கண்டக்டர் 'தொட்டபள்ளாபுரம்' என்று கூவுவதைக் கேட்டு, யாரிடமோ அர்த்தம் விசாரித்து வைத்திருந்தாள். என்னை மக்கு என்ற பையன்களுக்கு டீச்சரே பதில் சொல்லிவிட்டார் என்று நானும் தலை நிமிர்ந்து நடந்தேன்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். கேரேஜில் வேலை, கன்னடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"தொட்டாவா? நல்லாக் கேட்டீங்களா அண்ணி?"

"இந்தக் காதாலதான் கேட்டேன். ரெண்டு தரம் சொன்னாங்க."

சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"சரி அண்ணி, பெரிய மனுஷன நாளைக்கே கேரேஜுக்கு அனுப்புங்க. ஸ்பேனர் எடுத்துக் குடுக்க ஆளில்லாம நாயா அலையிறேன்."

அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

"மொதல்ல அந்த டீச்சரம்மாவுக்கு இனிப்பு குடுத்துட்டு வரோம்," என்றாள் அம்மா.

சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. "அதெல்லாம் வேணாம் அண்ணி."

"ஏன் வேணாம்? மனுஷனுக்கு நன்றி வேணாமா?"

சித்தப்பா கைகழுவப் போய்விட்டார். டீச்சர் சொன்னது என்னவென்று என் கல்யாணத்துக்குப் பிறகுதான் என்னிடம் சொன்னார். அம்மாவிடம் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

இப்போது லிங்கராஜபுரத்தில் ஓர் அடுக்குமாடியில் காவலுக்கு இருக்கிறேன். மூன்றாவது மாடிக் குழந்தைக்கும் எழுத்து நிற்பதில்லை. அதற்கென்றே படித்த ஒரு டீச்சர் ஸ்கூட்டரில் வந்து சொல்லிக்கொடுக்கிறார். இது மக்குத்தனம் இல்லை, சொல்லிக்கொடுக்கும் விதத்தில் சொல்லிக்கொடுத்தால் வரும் என்றார். எதிரே கட்டட வேலை செய்யும் ஒடிசாக்காரரின் மகனுக்கும் அதேதான். அவன் பள்ளியில், வெளியூர்ப் பிள்ளை, அதனால்தான் என்கிறார்களாம். அந்த ஸ்கூட்டருக்கு நான் கேட் திறந்து விடுகிறேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள்.

அன்று, அம்மா பள்ளிக்குப் போய்வந்த மறுநாள் காலை, லட்டுப் பொட்டலத்தை டீச்சரிடம் நீட்டினேன். நான் தொட்டா ஆகிவிட்டேன் அல்லவா, அதற்காக அம்மா கொடுத்தது என்று கன்னடத்தில் தெளிவாகச் சொன்னேன். ஒரு லட்டைக் கையில் எடுத்தவர் வாயில் வைக்கவில்லை. என்னைப் பார்த்தார். வாசலில் நின்று கும்பிட்ட அம்மாவைப் பார்த்தார்.

என்னைப் பிரிய அவருக்கு மனமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கேரேஜுக்கு ஓடினேன்.