உறைக்குள் இருந்த இரண்டாவது வழி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம். நல்ல பொருள் எது வாங்கினாலும் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, பழசை வைத்தே காலத்தை ஓட்டுவார்கள். நிவித்திகலைப் பக்கம் மழை ஓய்ந்த நாள் குறைவு. அம்மாவோ புதுக் குடையைப் பத்திரப்படுத்திவிட்டு, உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டுதான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவார்.

இரத்தினபுரியில் ஒரு தோட்டக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை. எல்லாத் தோட்டத்துக் கணக்கும் டிஸ்க்குகள் நிறைந்த ஒரு பெரிய பெட்டியில் கிடந்தது. சர்வரிலிருந்து அதற்குப் போக இரண்டு கேபிள், அதாவது இரண்டு வழி. எனக்கு மேலிருந்தவர் கலவானைத் தோட்டத்தில் பிறந்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் எல்லா வேலையையும் ஒரே வழியில் விட்டிருந்தார். மாதக் கடைசியில் கணக்கு ஆமை மாதிரி நகரும். இரண்டு வழியிலும் பிரித்து அனுப்பலாமே என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"அது அவசரத்துக்கு இருக்கட்டும் தங்கச்சி."

ஒரு மாதக் கடைசியில்தான் என் தங்கைக்குப் பரிசம் போட நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சாயந்தரம் வருகிறார்கள். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் சம்மதம் சொல்லித் தலையாட்ட மாட்டேன் என்று அவள் காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள். நாலு மணி பஸ்ஸை விட்டால் போய்ச் சேர முடியாது. மத்தியானமாகியும் கணக்கு பாதிகூட ஓடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"இத விட வேற அவசரம் என்னாங்கண்ணே இருக்கு?"

அவர் முனகிக்கொண்டே பெட்டியின் பின்பக்கம் போனார். கூடப் போய்ப் பார்த்தால், இரண்டாவது கேபிளின் நுனி செருகப்படவே இல்லை. தூசு படாமலிருக்க மூடியைக்கூடக் கழற்றாமல், சுருட்டி, சிலிசிலி பொலித்தீன் பேக்கில் போட்டு ரப்பர் பட்டி கட்டி வைத்திருந்தார். முதல் வழி அறுந்திருந்தால் அத்தனை தோட்டத்துக் கணக்கும் அன்றோடு நின்றிருக்கும். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிறிது நேரம் முறைத்துவிட்டு அவரும் சிரித்தார்.

செருகினோம். வேலையை இரண்டு வழிக்கும் மாறி மாறிக் கொடுத்தேன். அப்படியும் இழுத்தது. பழைய வழியில் அன்றாடக் கணக்கைப் பிரதி எடுக்கும் வேலையும் ஓடிக்கொண்டிருந்ததால், அங்கே போன பாதி காத்துக் கிடந்தது. கொழுந்து நிறுக்க இரண்டு தராசு வைத்தால் கூட்டம் குறைந்த பக்கம்தானே போவோம்? எந்த வழியில் நெரிசல் குறைவோ அதில் அனுப்பும்படி மாற்றினேன். அப்புறம் கணக்கு மளமளவென்று ஓடியது. முடிந்ததும் அண்ணனே என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை ஓடிவந்தார்.

வீட்டுக்குள் நான் நுழைந்தபோது தட்டு மாற்றப் போகிறார்கள். தங்கைக்குப் பக்கத்தில் போய் மூச்சு வாங்க நின்றேன். பெரியவர்கள் சம்மதமா என்று கேட்டார்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மாப்பிள்ளையைப் பார்த்தபடியே தலையாட்டினாள், அதுவும் இரண்டு தரம். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷம் வந்தது.