அட்டைக்குக் கீழே சிவப்பு

2024 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். சர்க்கரை போடாத கோப்பி, இரண்டு ரொட்டி. 5.25க்கு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வீட்டு முன்புறத்தில் நிறுத்தியிருந்த காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். முந்தின மாலை விரித்து வைத்த அட்டை சுத்தமாக இருந்தது. மற்ற நாட்களில் அதை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். அன்று எடுக்கவில்லை. அட்டையின் நான்கு மூலைகளையும் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்தேன். 5.40க்குக் கிள்ளான் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். என் கணக்குப்படி அது கார் ஒழுக வேண்டிய நாள்.

முதல் கறையை நான் பார்த்தது ஜூலை 26. வேலை முடிந்து வந்தபோது எஞ்சினுக்கு நேர் கீழே சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பாக ஒரு தடம். காய்ந்திருந்தது. கியர் எண்ணெயும் சிவப்புதான், ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டும் சிவப்புதான். எண்ணெயாக இருந்தால் விரலில் பிசுபிசுக்கும். இது பிசுபிசுக்கவில்லை. நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது. கூலண்ட் காய்ந்தால் பொடியாகும் என்று படித்திருக்கிறேன். ஆகவே கூலண்ட் என்று முடிவு செய்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் கூலண்ட் டப்பாவில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். மூன்று வாரமாகியும் தண்ணீர் அந்தக் கோட்டைவிட்டு இறங்கவில்லை. முகர்ந்தும் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை, ஆனால் காரோடு சேர்ந்த வாசனை இல்லை. அதற்குமேல் மூக்கு உதவவில்லை.

கழுவிவிட்ட தரையில் கறை தினமும் வரவில்லை. டைரியின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டுத் தேதிகளை மட்டும் எழுதி வந்தேன்: 26, 30, 2, 6, 9, 13. நடுவில் நான்கு நாள், மூன்று நாள், நான்கு நாள், மூன்று நாள், மறுபடி நான்கு நாள். இப்படி நாள் பார்த்து ஒழுகும் கார் எங்கே இருக்கிறது? அதோடு, மாலையிலிருந்து காலை வரை விரிக்கும் அட்டையில் ஒருமுறைகூடச் சொட்டு விழவில்லை. நான் வீட்டில் இல்லாத பகலில்தான், யாரும் ஓட்டாமல் நிற்கும்போதுதான் ஒழுகியது. வெயிலில் ஏதோ ரப்பர் குழாய் விரிந்துகொள்கிறது, நான்கு நாளைக்கு ஒருமுறை அழுத்தம் சேர்கிறது என்றெல்லாம் எழுதி, எழுதியதை நானே அடித்தேன்.

இதை நான் சாவகாசமாக ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. மனைவி வேலை செய்யும் தொழிற்சாலை ரயில் போகாத தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கிறது. பதினொரு வருடமாகத் தொழிற்சாலை பஸ்ஸில் போய் வந்தாள். ஆகஸ்ட் 19 முதல் அந்த பஸ் கிடையாது என்று ஜூலைக் கடைசியில் சொல்லிவிட்டார்கள். நல்லவேளையாக மே மாதமே லைசென்ஸ் எடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பக்கத்தில் உட்கார, பந்திங் சாலையில் கொண்டெய்னர் லோரிகளுக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிப் பழகினாள். நான் ரயிலில் போகிறவன், கார் அவளுக்குத்தான் என்று பேசி வைத்திருந்தோம். ஜூலை 28 அன்று, காரில் ஏதோ ஒழுகுகிறது, என்னவென்று தெரியும்வரை தொடாதே என்று சொன்னேன். சரி என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கமும் நின்றது.

ஆகஸ்ட் 10 அன்று காரைத் தெரிந்த வர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அதைத் தூக்கி நிறுத்தி, கூலண்டுக்குக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தார். அழுத்தம் காட்டும் முள் இறங்கவில்லை. கியர் பெட்டியைத் துணியால் துடைத்து, சுத்தமாக இருந்த துணியை என் கையில் கொடுத்தார். "பாஸ், அடியில எல்லாம் காஞ்சு கெடக்கு லா. நீங்க வேற யார் காரையோ பாத்துட்டு வந்துட்டீங்க," என்றார். நான் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. நில அளவைக் கோப்புகளை எண்வாரியாக அடுக்குவது என் பொறுப்பு. ஒரு கோப்பை இரண்டு முறை தவறான இடத்தில் வைத்தேன். மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ரசத்தைக் கேட்டு வாங்கிவிட்டு ஊற்றிக்கொள்ள மறந்தேன்.

மாலை 7.10க்கு வீடு. பையைக்கூடக் கீழே வைக்காமல் குனிந்தேன். அட்டை சுண்ணக்கட்டிக் கோட்டுக்குள் மூலை பிசகாமல் கிடந்தது. ஒரு சொட்டுக் கறை இல்லை. கணக்கு தவறிவிட்டது என்று நினைத்து அட்டையை இழுத்தேன். அதற்குக் கீழே தரையில் சிவப்பு.

அட்டையின் இரு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே காய்ந்த கார், நடுவில் சுத்தமான அட்டை, கீழே கறை. தரைதான் ஒழுகுகிறதா என்று ஒரு கணம் உண்மையாகவே யோசித்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் யோசித்தேன்.

மனைவி சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒழுகுகிறது என்றேன். கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டாள். பிறகு, மறுநாள் அரைநாள் வேலைக்குப் போகும்போதே வேலையை விட நோட்டீஸ் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். அவள் வேலை பார்க்கும் பிரிவிலிருந்து கிள்ளான் பக்கம் வருகிறவர் யாருமில்லை, திங்கட்கிழமை எதில் போவாள்?

"என்னதான் ஒழுகுது? எண்ணெயா, தண்ணியா?" என்றாள்.

"அதான் தெரியல. செவப்பா இருக்கு."

தோசைக் கரண்டி நின்றது. "செவப்பாவா? எங்க, காட்டுங்க."

வெளியே வந்து டார்ச் அடித்துக் காட்டினேன். பார்த்தவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது கார்லருந்து வரலீங்க. நான் ஊத்துன ஆரத்தி."

நான் வேலைக்குப் போன பிறகு, பஸ் வருவதற்கு முன்னால், தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துக் காருக்கு மூன்று சுற்றுச் சுற்றி முன் சக்கரத்தருகே ஊற்றியிருக்கிறாள். தரை வாசல் கேட்டுப் பக்கம் சரிவு. தண்ணீர் எஞ்சினுக்கு அடியில் ஓடித் தேங்கியிருக்கிறது. பஸ் நிற்கப் போகிறது என்று தெரிந்த வாரம் ஆரம்பித்தாளாம், முதலில் வெள்ளிக்கிழமை மட்டும். "கார்ல கோளாறுன்னு நீங்க சொன்னதும் யாரு கண்ணு பட்டுச்சோன்னு செவ்வாக்கெழமையும் சேத்துக்கிட்டேன்."

செவ்வாய், வெள்ளி. நான்கு நாள், மூன்று நாள். கட்டத்தில் கிழமையை எழுதியிருந்தால் போதும்.

அட்டையைப் பற்றிக் கேட்டேன். கறை பட்டால் நான் கத்துவேன் என்று காலையில் எடுத்து வைத்துவிட்டு, சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் கோடு பார்த்துத் திரும்ப வைத்தாளாம்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொன்னா தரை கறையாகும்னு சொல்லியிருப்பீங்க. நீங்க மூணு வாரமா டைரியில எழுதுனீங்களே, எங்கிட்ட ஒரு வாட்டி செவப்புன்னு சொல்லியிருந்தா?"

தரையைப் பற்றிச் சொல்லியிருப்பேன், அது உண்மை. மூன்று வருடம் முன்பு இந்தக் காரை வாங்கிய அன்று சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தை அவள் முன்னாலேயே தேய்த்துக் கழுவியவன் நான்.

சாப்பிட்ட பிறகு டைரியை எடுத்தேன். தேதிகளுக்குப் பக்கத்தில் கிழமைகளை நிரப்பினேன். ஆகஸ்ட் 10இல் பேனா நின்றது. கார் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் துணியைக் காட்டிச் சொன்ன நாள் அது. அன்றைக்கே சாவியை அவளிடம் கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை? கறைக்குப் பயந்தேனா, லோரிகளுக்குப் பயந்தேனா, ஏதாவது ஒழுகட்டும் என்று இருந்தேனா? மூன்று வரி இடம் விட்டேன். இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாகக் கார்க் கதவைத் திறந்து, லீவரைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையை ஐந்து பல் முன்னால் தள்ளினேன். அது அவளுடைய அளவு. ஒவ்வொரு ஞாயிறும் அவள் இறங்கியதும் பின்னால் தள்ளியது நான்தான், அதனால் தெரியும். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்க அதில் உட்கார்ந்து, கண்ணாடிகளை அவளுக்கு ஏற்றபடி திருப்பப் பார்த்தேன். அவள் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய் அவளைக் கூப்பிட்டேன்.