எக்ஸ்ரே மெஷினின் எண்ணெய்

சித்தூரில் நான் எக்ஸ்ரே எடுக்கும் ஆஸ்பத்திரியில் பழைய மெஷினைக் கழித்துவிடுவதென்று முடிவானதும், எல்லாரும் அதைக் கண்டு ஒதுங்க ஆரம்பித்தார்கள். இத்தனை வருஷமாக அதன்மேல் டிபன் பாக்ஸ் வைத்தவர்கள்தான். கரண்ட் இல்லாவிட்டால் அதிலிருந்து எந்தக் கதிரும் வராது, அதுவும் பீரோவும் ஒன்று என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பயப்பட வேண்டியது வேறு. உள்ளே ஈயத்தகடு உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் டேங்க் நிறைய எண்ணெய் உண்டு. அந்தக் காலத்து எண்ணெயில் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும் விஷம் கலந்திருக்கலாம். ஆனால் அதற்குத்தான் ஆட்கள் வரிசை கட்டினார்கள். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் தேய்த்தால் மூட்டுவலி பறந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் அப்படியொரு நம்பிக்கை. வாட்ச்மேன் கேட்டார். கேன்டீன்காரர் பாட்டிலோடு வந்தே விட்டார். எல்லாரையும் விரட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், என் மனைவி ஒரு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி. மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் அடிவாரத்து அலிபிரியிலிருந்து படியேறித் திருமலைக்கு வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். பேரன் தவழவே ஆரம்பித்துவிட்டான். இவளால் மாடிப்படிகூட ஏற முடியவில்லை.

"ஒரு டம்ளர் குடுத்தா இன்னா கொறஞ்சிடும்? தூக்கித்தான போடப் போறீங்க?"

"அது விசம். தேச்சா முட்டியோட நிக்காது."

டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

இந்த மாதிரிக் கழிவை எடுக்க அனுமதி பெற்ற கம்பெனி ஆட்கள் வந்தார்கள். கையுறை போட்டு, கதிர் வரும் டியூபை இனி வேலை செய்யாதபடி ஆக்கி, டேங்கைத் திறக்காமலேயே சீல் வைத்து, மெத்தை சுற்றி லாரியில் ஏற்றினார்கள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எனக்கு ஒரே பெருமை. போனில் எடுத்த போட்டோவை மனைவியிடம் காட்டினேன்.

"இரும்புக்கு மெத்த கட்டிக்கினு கீறீங்க. ஊரு முட்டியெல்லாம் படம் புடிச்சியே, என் முட்டிய ஒரு நாளாவது புடிச்சியா?"

சுருக்கென்றது.

எங்களுக்குப் புது மெஷின் இன்னும் வரவில்லை. அதனால் அவளைத் திருப்பதியில் தெரிந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் நானே படம் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை. வாரம் தவறாமல் பார்க்கிற படம்தான். அன்று கண் கலங்கிவிட்டது. டாக்டரும் படியேறவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

அவள் அழவில்லை. மலைக்கு பஸ்ஸில் போகலாம், ஆனால் முதலில் அலிபிரியில் இறங்க வேண்டும் என்றாள். படிக்கட்டின் முன்னால் செருப்பைக் கழற்றினாள். கவரிலிருந்து எக்ஸ்ரேயை உருவி, நான் பிடிப்பது போலவே இரண்டு கையாலும் மலையைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தாள். தமிழில் ஒரு தரம், மலைமேல் இருக்கும் சாமிக்குப் புரியாமல் போய்விடக் கூடாதென்று தெலுங்கில் ஒரு தரம் சொன்னாள்:

"நல்லா பாத்துக்கோப்பா. நான் ஏமாத்தல."