சிவப்புக் கயிறு

பெங்களூரிலிருந்து மணாலிக்குப் பனியில் சறுக்கப் போகிறேன். பம்பாயில் ரயில் மாற ஒரு பகல் இருக்கிறது. முதுகுப்பையின் வார் அறுந்துவிட்டதால் தாராவியில் காதர் பாயின் தோல் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். பசை வாடை தொண்டையை அடைக்கிறது. அவர் திருநெல்வேலிக்காரர். டிரான்சிஸ்டரில் இந்திப் பாட்டு ஓட ஓட வாரைத் தைத்து முடிக்கிறார்.

சுவரில் தொங்கும் சிவப்பு நைலான் கயிற்றில் இந்தப் பட்டறையைப்போல் இரண்டு மடங்கு நீளம் கேட்கிறேன்.

“எதுக்கு சார் இம்புட்டு?”

சறுக்கும்போது இடுப்பில் கட்டிப் பின்னால் இழுபட விடுவது என்கிறேன். பனி சரிந்து ஆளை மூடினாலும் லேசான கயிறு கொஞ்சமாவது மேலே கிடக்கும். அதைப் பிடித்துக்கொண்டே வந்து தோண்டலாம்.

“சும்மா கெடக்குற பனி எதுக்குச் சரியுது?”

“பழைய பனி இறுகிக் கிடக்கும், பாய். அதுமேல புதுசா விழுந்தது சரியா ஒட்டியிருக்காது. ஒரு ஆள் குறுக்க போனாலே போதும்.”

அவர் இரண்டு தோல் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து விரலால் தள்ளுகிறார். மேல்துண்டு நழுவிக் கீழே விழுகிறது.

“பசை புடிக்காத தோலு மாதிரி.”

“அதேதான்.”

கயிற்றை அளந்து கத்தரியை எடுக்கிறார்.

“கூட எத்தன பேரு போறீய?”

“தனியாத்தான்.”

கத்தரி நிற்கிறது.

“அப்பம் இந்த நுனியப் புடிச்சிட்டு யாரு சார் வருவா?”

டிரான்சிஸ்டரில் பாட்டு முடிந்து செய்தி தொடங்குகிறது.

“நீங்க வெட்டுங்க, பாய்” என்கிறேன்.