கிணறு இல்லை என்று எழுதினேன்

நான் பஞ்சாயத்து போர்டு ஓவர்சியர். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவைக் கொட்டி மட்கவைக்கும் குழிக்குப் பாலாற்றங்கரையில் இடம் பார்த்தேன். கிணற்றருகே குழி வெட்டக் கூடாது என்பது விதி. சுற்றிலும் மணல்தான், "கிணறு இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

குழி நிறைந்தபின் ஒருநாள் அங்கே தாகமெடுத்தது. மணலில் ஊற்றுத் தோண்டி நீர் மொண்டுகொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன். சொம்பை வாயருகே கொண்டுபோனதும் பிணநாற்றம். கொழுப்பு ஏடாக மிதந்தது. அதில் ஆட்டு மயிர். சீ! சொம்பைத் தள்ளிப் பிடித்தேன்.

"இன்னா சார், மோந்து பாத்ததுக்கே ஓங்கரிக்கிறீங்க? எங்க புள்ளைங்க தெனம் இதத்தான் குடிக்குதுங்க" என்றாள்.

விதியில் ஊற்று என்ற சொல் இல்லை. எனக்குக் கண் இருந்ததே!

குழியை மூடவைத்தேன். இப்போதெல்லாம் ஊரார் தண்ணீர் மொள்ளும் இடத்துக்கே போய் ஒரு சொம்பு குடித்த பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.