வெள்ளிமலை பஸ்ஸில் கேள்வி நேரம்

கள்ளக்குறிச்சியில் ஒருவன் காரணமில்லாமல் நடக்க முடியாது. நெதர்லாந்திலிருந்து ஓய்வு பெற்றுத் திரும்பிய முதல் வாரத்திலேயே இதைக் கண்டுகொண்டேன். கச்சிராயப்பாளையம் சாலையில் காலை வேளையில் கையை வீசி நடந்துகொண்டிருந்தேன். ஒரு பைக் பக்கத்தில் வந்து நின்றது. "ஏறுங்க, எறக்கி வுட்டுடறேன்" என்றார் முன்பின் தெரியாத ஒருவர். சும்மா நடக்கிறேன் என்றேன். "எங்க போவணும்?" என்றார். எங்கேயும் இல்லை என்றேன். அவர் வண்டியை அணைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வூட்ல எதுனா சண்டையா?" என்று கேட்டார். அடுத்த பைக்குக்காரரிடம் சர்க்கரை வியாதி என்று பொய் சொன்னேன். அவர் உடனே திருப்தியாகி, வெந்தயம் சாப்பிடும் முறையை விளக்கிவிட்டுப் போனார். நோயாளிக்கு இந்தச் சாலையில் நடக்க உரிமை உண்டு. சும்மா நடப்பவனுக்குத்தான் இல்லை.

நெதர்லாந்தில் முப்பது வருடம் ஒரே கால்வாய்க் கரையில் நடந்தேன். ஒருவரும் என்னை எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை. எதிர்வீட்டுக்காரரோடு ஒரு காபி குடிக்க வேண்டுமென்றால் இருவரும் டைரியைத் திறந்து, அவருக்கு முடியாத நாள், எனக்கு முடியாத நாள் எல்லாவற்றையும் கழித்து, அடுத்த மாதத்தில் ஒரு வியாழக்கிழமையைப் பிடிப்போம். இப்படி நாள் குறிப்பதற்கு டச்சு மொழியில் அஃப்ஸ்ப்ராக் என்று பெயர். அந்த வியாழக்கிழமை வந்ததும் காபியோடு ஒரு பிஸ்கட் தருவார். பிறகு டப்பாவை மூடிவிடுவார். அந்த மூடி மூடும் சத்தம் முதல் வருடம் என் நெஞ்சில் விழுந்தது. பத்தாவது வருடம் நானே அப்படி மூடினேன்.

ஓய்வுக்குப் பிறகு ஊர் திரும்பலாமா என்று யோசிக்கும் நண்பர்கள் பலர் எனக்கு எழுதுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றே: "அங்கே பொழுது எப்படிப் போகிறது?" பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. பொழுது நன்றாகப் போக வழி கிடைத்ததும் நானே அதைக் கெடுத்துக்கொண்டேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நேர்மையாகாது.

என் மனைவி வசந்தா திருக்கோவிலூர்க்காரி. வந்த மாதமே அவளுக்குத் தெருவில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்கு மிச்சமிருந்தவை இரண்டு. ஒன்று, நான் அங்கே வேலை பார்த்த பல்கலைக்கழகம் பறிக்காமல் விட்டிருந்த மின்னஞ்சல் முகவரி. மற்றொன்று, வியாழன்தோறும் எங்கள் நீரியல் துறையில் நடக்கும் கருத்தரங்கைக் கணினியில் பார்க்கும் உரிமை. மற்ற நாட்களில் நான் வீட்டிலேயே இருந்து, பருப்பு டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினேன். மறுநாள் வசந்தா சொன்னாள்: "தெனம் காலைல ஒரு மணி நேரமாச்சும் என் கண்ணுல படாம இருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அப்போதுதான் கலியமூர்த்தி வந்தார். அடுத்த தெருக்காரர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் கல்வராயன் மலை மேல் வெள்ளிமலைக்குப் போகும் பஸ். ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் கேட்டுக்கு வெளியே நின்று, "சார், தனியா நடந்துக்கினு இருக்கீங்களாமே! வாங்க சார் எங்ககூட!" என்று தெருவே எழும்படிக் கூப்பிட்டார். டைரி பார்க்கவில்லை, போன் செய்யவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஐந்தாறு பேர் பள்ளி மைதானத்தை இரண்டு சுற்று சுற்றுவார்கள். பிறகு டீக்கடை பெஞ்சில் நடந்ததைவிட அதிக நேரம் உட்கார்ந்திருப்பார்கள். உரக்கடை ஏழுமலை எல்லோரையும் கிண்டலடிப்பார். யாரும் யாரையும் அழைப்பதில்லை, யாரும் வராமல் இருப்பதுமில்லை. கேட்டுக்கு வெளியே அந்தக் குரல் கேட்பதற்கு முன்பே நான் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தேன்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் சொன்ன கதைகளையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நாளைக்கு ஒருவர் பத்து நிமிடம் தனக்குத் தெரிந்ததைப் பற்றிப் பேசட்டும், பிறகு கேள்வி நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னேன். "பரீட்சை உண்டா சார்?" என்றார் ஏழுமலை. இருந்தும் மரியாதைக்காக ஒப்புக்கொண்டார்கள். ஏழுமலை யூரியாவைப் பற்றிப் பேசினார். அடுத்த நாள் கலியமூர்த்தியின் முறை.

அன்று அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், நெற்றியில் திருநீறோடு வந்தார். டீயைக்கூடத் தொடாமல் எழுந்து நின்று பேசினார். மலைப் பாதையில் வாந்தி எடுப்பவர்கள் யார்? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். அதனால் அவர் ஒவ்வொரு சீட்டாகப் போய், உங்க ஊர்ல மழையா, பொண்ணுக்கு எப்ப கல்யாணம், மரவள்ளி இன்னா வெலை என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாராம். "என் பஸ்ஸுல ஒருத்தரும் வாந்தி எடுத்ததில்ல. கேட்டுப் பாருங்க" என்று முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். டீக்கடைக்காரரும் தட்டினார்.

நான் கை தூக்கினேன். "ஒருத்தரும் எடுக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க முன்னால பேசிட்டிருந்தப்ப, பின் சீட்டுல ஜன்னல் வழியா எடுத்திருந்தா?" பெஞ்ச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. "பேச்சே கொடுக்காம ஒரு மாசம் பஸ்ஸுல போய், ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தீங்களா? பாக்கலைன்னா இது ஆதாரம் ஆகாது. வெறும் கதை." ஏழுமலை தொடையைத் தட்டி, "யோவ், வாந்தி சயின்டிஸ்டு! பதில் சொல்லுய்யா!" என்றார். கலியமூர்த்தி சிரிக்க முயன்றார். டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லிப் போனார்.

மறுநாள் காலை செருப்பு மாட்டிக்கொண்டு நின்றேன். குரல் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையில் ஒருவர் பேசி முடித்ததும் கேள்வி எழாவிட்டால் அந்தப் பேச்சு குப்பை என்று பொருள். கடுமையாகக் கேட்பதுதான் மரியாதை. நான் அங்கே போய் முதன்முதலில் பேசியபோது ஒரு கிழவர் என் கணக்கை வரி வரியாகக் கிழித்தார். கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு அழுதேன். வெளியே வந்தால் அதே கிழவர் காபிக் கோப்பையோடு நிற்கிறார், "நல்ல பேச்சு" என்று கை கொடுக்கிறார். நாளடைவில் நானே அந்தக் கிழவரானேன். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் இளைஞர்களுக்கு நாக்கு வறண்டுவிடும். ஆனால் பழக்கதோஷம் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. ஓய்வு பெற்றதும் நான் இழந்ததாக நினைத்தது அறிவுலகத் தொடர்பை. உண்மையில் ஏங்கியது, என்னைக் கண்டு பயப்பட ஓர் ஆள் வேண்டும் என்றுதான். ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே நண்பரை அதற்குப் பயன்படுத்திக்கொண்டேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கலியமூர்த்திக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அந்தக் கேள்வியின் நோக்கம், அது எழுந்த சூழல், என் வருத்தம் என்று மூன்று பத்திகளில் வாட்ஸப்பில் எழுதினேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். கடைசியில் வீட்டுக்கே போனேன். வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், "வாங்க" என்றார். இங்கே ஜென்மப் பகைவனையும் வாங்க என்றுதான் சொல்வார்கள். நாற்காலி போட்டார். "காபி சாப்பிடறீங்களா?" என்றார். முன்னறிவிப்பில்லாமல் வந்துவிட்டு அவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று, "வேண்டாங்க, இப்பதான் குடிச்சேன். உங்ககிட்ட மன்னிப்பு கேக்க வந்தேன்" என்றேன். அவர் முகம் சட்டென்று இறுகியது. "மன்னிப்பா? பெரிய படிப்பு படிச்ச நீங்க எங்கிட்ட இன்னாத்துக்கு மன்னிப்பு கேக்கறீங்க? நான் இன்னா, கதை சொல்றவன்." குரல் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி இருந்தது. பிறகு செடிகளிடம் திரும்பிவிட்டார்.

வசந்தாவிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "சண்டை போட்ட வீட்டுல காபிய வேணாம்னுட்டு, அப்புறம் மன்னிப்பு வேற கேட்டீங்களா? உங்க வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"நான் சிரமம் கொடுக்கக் கூடாதுன்னு..."

"கொடுங்க! அதுக்குத்தான் போறது. மன்னிப்பு கேட்டா அந்த மனுஷன் மன்னிக்கிற எடத்துல ஏறி உக்காரணும். அவருக்குக் கூச்சமா இருக்காதா? எதுனா ஒரு உதவி கேளுங்க. அப்ப வருவாரு."

மறுநாள் போனேன். நாற்காலிக்குக் காத்திராமல் படியில் உட்கார்ந்து, வெள்ளிமலையைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, மலைப்பாதை எனக்கு ஒத்துக்கொள்ளாது, அவர் கூட வந்தால்தான் போக முடியும் என்றேன். ஆசையும் உண்மை, பயமும் உண்மை. தியாகதுருகத்தில் பிறந்தவன் நான், அந்த மலையைத் தூரத்தில் பார்த்தே வளர்ந்தவன். அதில் ஏறியதில்லை.

"இன்னா, டெஸ்ட் பண்ணப் போறீங்களா?" என்றார்.

"இல்லைங்க. போவணும், அவ்ளோதான்."

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார். "காபி?"

"குடுங்க."

"சக்கரை கம்மியா, ஜாஸ்தியா?"

"ஜாஸ்தி" என்றேன். வழக்கமாக நான் சர்க்கரையே போட்டுக்கொள்வதில்லை.

பஸ்ஸில் ஏறியதும் கலியமூர்த்தி மாறிவிட்டார். இளம் கண்டக்டர் அவரை "அண்ணே" என்று வணங்கி, பாதி அதிகாரத்தை விட்டுக்கொடுத்தார். கலியமூர்த்தி என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தார். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும், "பேசுங்க சார். வாய மூடக்கூடாது. உங்க ஊர்ல பஸ்ஸுல சனங்க எப்படி?" என்றார்.

"அங்க பஸ்ஸுல யாரும் யார்கிட்டயும் பேச மாட்டாங்க."

"அப்ப மலை ஏறும்போது வாந்தி எடுப்பாங்களே?"

"அங்க மலையே கிடையாதுங்க. நாடு முழுக்க சமதரை."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பின் சீட்டில் மூட்டையோடு இருந்த அம்மாளும் எட்டிப் பார்த்தார். "ஒரு மலைகூட இல்லியா? அப்புறம் இன்னாத்துக்கு சார் அங்க போய் அவ்ளோ காலம் குந்திக்கினு இருந்தீங்க?" என்றார் கலியமூர்த்தி.

முப்பது வருடக் கருத்தரங்குகளில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நல்லவேளையாகப் பையில் கைப்பேசி சிணுங்கியது. துறையிலிருந்து மின்னஞ்சல். இந்த வாரக் கருத்தரங்கு, பேசுபவர் பெயர், தலைப்பு, ஓய்வு பெற்றோரும் வருக. அதைப் படித்தேன். வளைவு திரும்பியது. நான் இன்னும் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வளைவில் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.

"பாத்தீங்களா!" என்று கலியமூர்த்தி எழுந்து நின்று முழு பஸ்ஸுக்கும் அறிவித்தார். "பேச்ச நிறுத்தினாரு, வந்துட்டுது! இம்மாம் நேரம் பேசிக்கினு வந்தாரு, எதுனா ஆச்சா?" இல்லை என்றது பஸ். மூட்டைக்கார அம்மாள் எலுமிச்சம்பழம் ஒன்றை நீட்டி, "மோந்து பாருப்பா, பேசிக்கினே வா" என்றார். வளைவில் கைப்பேசி பார்த்தால் யாருக்கும் குமட்டும், ஒரே ஒரு ஆளை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது என்றெல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எலுமிச்சையை முகர்ந்தேன். "நீங்க சொன்னது சரிதாங்க" என்றேன். அதைச் சொல்வது வாந்தி எடுப்பதைவிடக் கடினமாக இருந்தது. சொன்ன பிறகு வந்த நிம்மதியும் ஏறக்குறைய அதே மாதிரிதான்.

மறுநாள் விடியலில் கேட்டுக்கு வெளியே தெருவை எழுப்பும் குரல் வந்தது. டீக்கடையில் கலியமூர்த்தி எழுந்து நின்று மலைப் பயணத்தை நடித்துக் காட்டினார். நான் ஜன்னலில் தலை நீட்டிய கட்டத்தை இரண்டு முறை. ஏழுமலை மிகுந்த மனநிறைவோடு "வாந்தி சயின்டிஸ்டு" பட்டத்தை அவரிடமிருந்து பிடுங்கி எனக்குக் கொடுத்தார். இன்றுவரை பெஞ்சில் என் பெயர் அதுதான். கேள்வி நேரம் ஒழிந்தது. கதைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த மலைக் கதை வரும்போது நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வியாழன் மாலை கருத்தரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலியமூர்த்தி வழக்கம்போல் சொல்லாமல் வந்து, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் என் கட்டத்தில் என் பாதி முகமும் அவருடைய பாதி முகமும் தெரிந்தன. ஒரு மாணவி ஆற்று மணலைப் பற்றிப் பேசி முடித்தாள். அவள் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது, நான் பார்த்துவிட்டேன். கேள்விகள் உண்டா என்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. கலியமூர்த்தி என் முழங்கையை இடித்து, "பேசுங்க சார், வாய மூடிக்கினு இருந்தா வந்துடப் போவுது" என்றார்.

மைக்கைத் திறந்து, பேச்சு நன்றாக இருந்தது என்றேன். அங்கே அந்த மாணவி, நான் அடுத்து 'ஆனால்' சொல்லப் போகிறேன் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். இங்கே ஒருவர் காபிக்காகக் காத்திருந்தார்.